தீக்குச்சி அளவு கோணல்

தெக்லா ஹெப்பைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் லீவரைப் பற்றி எழுத வேண்டும். அவளுக்கும் அதுதான் பிடிக்கும். தன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்கள் சூல் நகரத்தில் செய்கிற வேட்டைத் துப்பாக்கிக்கு மூன்று குழல். மேலே பக்கம் பக்கமாக இரண்டு, முயலுக்கும் பறவைக்கும் ஈய ரவை போட. அடியில் ஒன்று, மானுக்கும் பன்றிக்கும் ஒற்றைக் குண்டு போட. காட்டுக்குள் போகிறவனுக்கு எது எதிரே வரும் என்று தெரியாது. அதனால் மூன்றையும் ஒரே கட்டையில் மாட்டிக் கொடுக்கிறோம். தோட்டா போட, துப்பாக்கியை நடுவில் மடக்க வேண்டும். போட்டபின் நிமிர்த்தி மூட வேண்டும். மூடியது வெடிக்கும்போது திறந்துகொள்ளக் கூடாது. சுடுகிறவன் முகத்துக்கும் வெடிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சாணைக் காப்பது தாழ்ப்பாள்.

தாழ்ப்பாள் இரண்டு. குழலின் அடியில் கொக்கிகள் இருக்கும், அவற்றை அடித் தாழ்ப்பாள் கவ்வும். குழலின் தலையிலிருந்து ஒரு நாக்கு பின்பக்கம் நீண்டு எஃகு உடலுக்குள் போய் உட்காரும், அந்த நாக்கின் துளைக்குள் குறுக்குத் தாழ்ப்பாள் நுழையும். இரண்டையும் ஓட்டுவது மேலே உள்ள ஒரே லீவர். கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளினால் திறக்கும். மூடினால் தானாகத் திரும்பி வந்து நிற்கும்.

எங்கே வந்து நிற்கிறது என்பதுதான் விஷயம். தாழ்ப்பாள்கள் ஆப்பு மாதிரி சரிவானவை. தேயத் தேய இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இறுக்கிக்கொள்ளும். அவை உள்ளே போகப் போக லீவர் இடப்பக்கம் நகரும். அதனால் புதுத் துப்பாக்கியில் லீவர் நடுக்கோட்டுக்கு ஒரு தீக்குச்சி அளவு வலப்பக்கம் கோணலாகத்தான் நிற்க வேண்டும். அந்தக் கோணல்தான் துப்பாக்கியின் ஆயுள். முதல் நாளே நேராக நின்றால், தேய்வதற்கு இடமில்லை என்று அர்த்தம்.

இந்தத் தாழ்ப்பாள்களைப் பொருத்துகிற வேலை எவால்ட் ஹெப்புடையது. தெக்லா அவன் மனைவி.

அவள் பிறந்தது மலைப்பக்கம், கோல்ட்லவுட்டரில். அப்பா குழல் துளைப்பவர். பள்ளி முடிந்ததும் எர்ஃபர்ட்டில் ஒரு விதை வியாபாரி வீட்டுக்கு வேலைக்காரியாகப் போனாள். அங்கே இரண்டு விஷயம் கற்றாள். ஒன்று, வெள்ளிக் கரண்டியைக் கீறல் விழாமல் தேய்ப்பது. இன்னொன்று, வீட்டுக்காரி கத்தும்போது முகத்தில் ஒன்றும் காட்டாமல் நிற்பது. இரண்டும் பிற்பாடு உதவின.

எவால்டைக் கட்டிக்கொண்டு சூலுக்கு வந்ததும் அவள் கைக்குக் கரிவிளக்கு வந்தது. சிமினி இல்லாத சின்ன மண்ணெண்ணெய் விளக்கு. எஃகை அந்தச் சுடரில் காட்டினால் கரி படியும். பொருத்தி, மூடி, திறந்து பார்த்தால் உரசுகிற இடத்தில் கரி அழிந்து எஃகு மின்னும். மின்னுகிற இடத்தில் அரத்தால் ஓர் இழுப்பு. மறுபடி கரி, மறுபடி மூடு, மறுபடி திற. ஒரு துப்பாக்கி முடியும்வரை இதேதான். விளக்குப் பிடிப்பது எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் மனைவி வேலை. பெண்ணின் கட்டைவிரலில் படிந்த கரியைப் பார்த்தால் புருஷன் என்ன தொழில் என்று சொல்லிவிடலாம்.

சில வருஷம் கழித்து எவால்டின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. குடியால் இல்லை. அவன் குடிப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு குவளை. மருத்துவர் நரம்பு என்றார், பெயர் தெரியாத எல்லாவற்றுக்கும் அவர் நரம்பு என்றுதான் சொல்வார். நடுங்குகிற கையால் கதவு ஆணி அடிக்கலாம், தாழ்ப்பாள் பொருத்த முடியாது. அரம் தெக்லா கைக்குப் போனது. கரியை இத்தனை வருஷம் பார்த்த கண்ணுக்கு அரம் பெரிய சங்கதியாக இல்லை. துப்பாக்கியின் அடியில், குழலைக் கழற்றினால் மட்டும் தெரிகிற இடத்தில், பொருத்தியவன் தன் எழுத்தைக் குத்துவது வழக்கம். எவால்ட் ஹெப்பின் ஈ.ஹெச். என்ற எழுத்து அப்படியே தொடர்ந்தது.

சந்துக்கே தெரியும். யாரும் பேசவில்லை. கதவைத் தட்டினால் எவால்ட் சீவிக்கொண்டிருந்த உருளைக்கிழங்கை விட்டுவிட்டு, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் முன்னால் வந்து நிற்பான், தெக்லா அடுப்படிக்குப் போவாள். ஒருநாள் நான் போனபோது வைஸ் முன்னால் நின்றவன் கையில் அரத்துக்குப் பதில் தோல் சீவும் கத்தி இருந்தது. நானும் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை.

மறைத்ததற்குக் காரணம் வெட்கம் இல்லை. பொம்பளை செய்கிற வேலைக்கு அரைக்கூலி. அது பாலிஷ் போட்டாலும் அரை, தாழ்ப்பாள் பொருத்தினாலும் அரை. எழுதப்படாத சட்டம், எழுதின எல்லாச் சட்டத்தையும்விட ஒழுங்காக நடந்தது. அரைக்கூலியில் ஹெப் குடும்பம் அந்த வீட்டு வாடகையைக்கூடத் தாங்காது.

நான் அப்போது உலோகத் தொழிலாளர் சங்கத்தின் ஆள். வீடு வீடாகப் போவது, துண்டறிக்கை எழுதுவது, முதலாளிகளிடம் திட்டு வாங்குவது, தொழிலாளிகளிடமும் திட்டு வாங்குவது என் வேலை.

போருக்கு மூன்று வருஷம் முந்தைய இலையுதிர்காலத்தில் ஆம்போர்ன் ஆரம்பித்தார். எங்களில் பாதிப்பேருக்கு வேலை கொடுத்தவர். குழல் ஒருவனிடம், கட்டை ஒருவனிடம், தாழ்ப்பாள் ஒருவனிடம் என்று வெளியே கொடுத்து வாங்கி, தன் பெயர் பொறித்து விற்பார். சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் முதுகுக் கூடையில் சரக்கைச் சுமந்துபோய் அவருடைய சிப்பம் கட்டும் அறையில் ஒப்படைக்க வேண்டும். பெரும்பாலும் பெண்கள்தான் சுமப்பார்கள். அன்றைக்கு ஆண்களையும் வரச் சொல்லியிருந்தார்.

“லீவர் கோணலா நிக்குதுன்னு ஒரு பண்ணைக்காரர் திருப்பி அனுப்பியிருக்கார்,” என்றார். “காசு குடுக்கறவன் நேரா கேக்கறான். இனிமே நேரா குடுங்க.”

ஓஸ்கார் யோப் முன்னால் நின்றான். தாழ்ப்பாள் பொருத்துகிறவர்களில் மூத்தவன், வாய் நீளம். “மொதலாளி, நீங்களும் அரம் பிடிச்ச கைதானே. நேரா வெச்சா நாலு சீசன்ல ஆட்டம் குடுக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

“ஆடுனா திரும்பி வரும். வந்தா இறுக்கிக் குடு. உத்தரவாதம்னு எழுதித்தானே விக்கறேன்.”

“இறுக்கறதுக்குக் கூலி?”

“ஒன் வேலைய நீயே சரி பண்றதுக்குக் கூலியா? நல்லாருக்கே.”

ஆம்போர்ன் முட்டாள் இல்லை, இது எல்லோருக்கும் புரிய வேண்டும். அவருக்குத் தாழ்ப்பாள் தெரியும். நேரான லீவர் கடையில் அழகாக இருக்கும், விற்கும். அது தளர்கிறபோது அந்தச் சுமை நம் தலையில். அவ்வளவுதான் கணக்கு.

அன்று சாயங்காலமே சாராயக்கடைப் பின்னறையில் கூடினோம். லீவர் தீக்குச்சி அளவு வலப்பக்கமே நிற்கும், ஒருவனும் நேராக்கித் தர மாட்டான் என்று முடிவானது. நான் துண்டறிக்கை எழுதினேன். யோப் தொப்பிப் பட்டையில் ஒரு தீக்குச்சியைச் செருகிக்கொண்டான். மறுநாள் எல்லாத் தொப்பியிலும் தீக்குச்சி. எவால்டும் வந்திருந்தான். இடது கையைத்தான் தூக்கினான்.

மூன்று வாரம் முடிவு நின்றது. பிறகு தெக்லாவின் விளக்கு கெட்டது.

மண்ணெண்ணெய் தீர்ந்திருந்தது. வெளியே பனி. கடைக்கு இறங்கிப் போவதற்குப் பதில், பழைய சமையலறை விளக்கில் மிச்சமிருந்த விதை எண்ணெயைக் கரிவிளக்கில் ஊற்றிவிட்டாள். எங்கள் தொழிலில் இல்லாதவன் இதைத் தப்பு என்றே நினைக்க மாட்டான். எரிகிறது, கரி வருகிறது, அப்புறம் என்ன? ஆனால் அந்தக் கரி கொழகொழவென்று தடிப்பாகப் படியும். நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் எதிர்ப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அழியும். தொடாத இடத்தைத் தொடுவதாகக் காட்டும். தெக்லா கரி சொன்னதை நம்பினாள். குறுக்குத் தாழ்ப்பாளில் மின்னிய இடத்தையெல்லாம் இழுத்தாள். இழுக்க இழுக்க மின்னியது. கடைசியில் மூடிப் பார்த்தபோது லீவர் வந்து நடுவில் நின்றது. நூல் பிடித்த மாதிரி நேராக.

குறுக்குத் தாழ்ப்பாள் எதையும் பிடிக்கவில்லை. துளைக்குள் சும்மா போய் வந்துகொண்டிருந்தது. லீவரை நிறுத்தியது அடித் தாழ்ப்பாள் மட்டும்.

புதுத் தாழ்ப்பாள் கடைந்து பொருத்த வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. சரக்கு குறைந்தால் ஆம்போர்ன் ஆளனுப்புவார், அல்லது அவரே வருவார், வந்தால் எவால்டின் கையைப் பார்ப்பார். ஆறு துப்பாக்கியில் ஒன்று கண்ணில் படாது, திங்கட்கிழமை ஏதாவது சாக்குச் சொல்லி வாங்கி வந்துவிடலாம் என்று தெக்லா அதையும் கூடையில் வைத்தாள்.

கண்ணில் படாதா? மூன்று வாரமாக அந்த மனிதர் ஒரு நேரான லீவருக்காகத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை காலை அந்தத் துப்பாக்கி சிப்பம் கட்டும் அறைச் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கியது. பக்கத்தில் நின்று ஆம்போர்ன் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார்: “ஹெப்பால முடியுது. ஒங்களால ஏன் முடியல?”

தெக்லா வாங்கப் போனாள். “ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு,” என்றாள்.

“பாக்கி ஒண்ணுமில்ல, ஹெப் அம்மா. ஒங்க வீட்டுக்காரர் கைக்கு முத்தம் குடுத்தேன்னு சொல்லுங்க. அடுத்த சனிக்கிழமை மத்தவங்களும் இப்பிடியே கொண்டு வருவாங்க, இல்லன்னா வேற ஊர்ல ஆள் பாப்பேன்.”

அன்று மத்தியானத்துக்குள் ஹெப் வீட்டுக் கதவில் யாரோ ஒடித்த தீக்குச்சிகளைக் கோந்து வைத்து ஒட்டியிருந்தார்கள்.

நான் போனபோது சாப்பாட்டு நேரம். மேஜையில் உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும். எவால்ட் எழுந்து வைஸிடம் போகவில்லை. உட்கார்ந்தே இருந்தான்.

“நான்தான் செஞ்சேன், புரூனோ,” என்றான். “ஆம்போர்ன் அடுத்த வருஷம் நெறைய வேலை தர்றதா சொன்னாரு. ஆசப்பட்டுட்டேன்.”

“எப்பச் சொன்னாரு?”

“சொன்னாரு.”

“நீ அவரப் பாத்தே மூணு வாரம் ஆச்சேடா.”

“ஆளு மூலமா சொன்னாரு.” உருண்டையை முள்கரண்டியால் குத்தினான். அது வழுக்கித் தட்டுக்கு வெளியே ஓடியது. தெக்லா எடுத்து மறுபடி வைத்தாள்.

அவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தெரியும். எதற்காக என்பதும் தெரியும். ஆனால் நான் வந்தது அவனைத் தேற்ற இல்லை. இருக்கிற நிலைமையைச் சொன்னேன். “யோப் ஒன்ன சங்கத்த விட்டுத் தூக்கணும்ங்கறான். அது ஒரு பக்கம். எட்டு பேர் ஏற்கெனவே, ஹெப் குடுத்துட்டான், நாம மட்டும் எதுக்கு மொரண்டு பிடிக்கணும்னு பேச ஆரம்பிச்சாச்சு. சனிக்கெழமை அந்த ஆணியில அது தொங்குச்சுன்னா எல்லார் லீவரும் நேராயிடும். அதுக்கப்பறம் ஆயுசு பூரா ஓசியில இறுக்கிக் குடுத்துட்டு இருக்க வேண்டியதுதான்.”

“அது நல்ல வேலைன்னு யார் சொன்னது?” என்றாள் தெக்லா.

அந்த வீட்டில் என் எதிரே வேலையைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

“ஆம்போர்ன் சொல்றாரு.”

“அது கெட்டுப்போன வேலை. குறுக்க இருக்கறது காத்தப் பிடிச்சிட்டு நிக்குது. அத மாதிரி செய்யச் சொல்றது, கால் ஒடிஞ்சவன் மாதிரி நடக்கச் சொல்றதுதான்.”

“கெட்டதுன்னு யாராவது அங்க வந்து சொன்னா விஷயம் முடிஞ்சுது,” என்றேன். “செஞ்சவங்க சொன்னா.”

“நான் சொல்றேன்,” என்றான் எவால்ட். “என் கை தவறிடுச்சுன்னு.”

“ஒன் கையப் பாத்தா அடுத்த கேள்வி என்ன வரும்?” என்றாள் அவள். “இந்தக் கையில மத்த அஞ்சு எப்பிடிச் செஞ்சேன்னு கேப்பாரு. அப்ப என்ன சொல்வே? சாப்பிடு, ஆறிடுச்சு.”

நான் அதற்குமேல் பேசவில்லை. அவளைச் சொல்லச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. சொல்லாதே என்று தடுக்கவும் நான் முயலவில்லை. வெளியே வந்து கதவிலிருந்த தீக்குச்சிகளைச் சுரண்டினேன். கோந்து நன்றாகப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை சிப்பம் கட்டும் அறை நிரம்பிவிட்டது. கூடைகள், ஈரக் கோட்டு வாசனை, சிப்பத்துக்கு அரக்கு உருக்க மேஜைமேல் ஒரு மெழுகுவர்த்தி. துப்பாக்கி ஆணியில் தொங்கியது. எவால்ட் கோட்டுப் பைக்குள் வலது கையை விட்டுக்கொண்டு நின்றான். அவனைச் சுற்றி ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் காலியாக இருந்தது. அந்த இடத்தில் தெக்லா கூடையை இறக்கி வைத்தாள்.

“வாங்க, நேர்மையாளர்,” என்றான் யோப். “கைய வெளிய எடுங்க, குலுக்கலாம். இல்ல, மொதலாளி குலுக்குனதுல சுளுக்கிடுச்சா?”

“யோப், வாய மூடு,” என்றேன்.

“நீ மூடு. துண்டறிக்கைக்குக் காகிதம் வாங்குன காசு யாரோடது? எங்களோடது. அதுல ஹெப் பொட்டலம் மடிச்சிட்டான்.”

ஆம்போர்ன் வந்தார். சுவரிலிருந்து துப்பாக்கியை எடுத்து எல்லோரும் பார்க்கிற மாதிரி மேஜையில் வைத்தார். “ஹெப், நீயே சொல்லு. கஷ்டமா இருந்துச்சா?”

எவால்ட் வாயைத் திறந்தான். “ஐயா, அது வந்து, என் கை...”

“அது அவர் கை இல்ல,” என்றாள் தெக்லா.

மேஜைக்குப் போய் முன்கட்டையைக் கழற்றினாள், துப்பாக்கியை மடக்கினாள், குழல்களைத் தனியே எடுத்துத் திருப்பி வைத்தாள். வழக்கமான கை. யாரும் அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. அடியில் ஈ.ஹெச். இருந்தது. அதன் பக்கத்தில், ஊசி குத்தினது மாதிரி, ஒரு புள்ளி.

“புள்ளி இருந்தா நான் செஞ்சது. மூணரை வருஷமா எல்லாத்துலயும் இருக்கு.”

எவால்ட் குனிந்து பார்த்தான். அவனுக்கே அது புதுசு. “இது எதுக்குடி?” என்றான், அறையில் வேறு யாருமே இல்லாத மாதிரி.

“திரும்பி வந்தா யார் தப்புன்னு தெரிய வேணாமா? ஒன் தலையில எப்பிடிப் போடறது?” அவள் ஆம்போர்ன் பக்கம் திரும்பினாள். “இதுல குறுக்குத் தாழ்ப்பாள் பிடிக்கல. விளக்குல வேற எண்ணெய் ஊத்திட்டேன், கரி பொய் சொல்லிடுச்சு, அதிகமா இழுத்துட்டேன். நேரா நிக்கறது அதனாலதான். நீங்களே பாருங்க.”

ஆம்போர்ன் அவளை நம்பவில்லை, நம்பாமலும் இல்லை. மெழுகுவர்த்தியை இழுத்துக் குறுக்குத் தாழ்ப்பாளைச் சுடரில் காட்டினார். குழலை மாட்டினார், மூடினார், திறந்தார். பழைய கை மறக்கவில்லை. வெளிச்சத்தில் பார்த்தார். போட்ட கரி போட்டபடியே இருந்தது. ஒரு கீறல் இல்லை.

கட்டைவிரலைக் கோட்டில் துடைத்தார்.

“அப்ப நீங்க செய்யச் சொல்ற மாதிரிங்கறது இதுதான், மொதலாளி,” என்றான் யோப். சட்டென்று கட்சி மாறிவிட்டான், அவன் குணம் அது. “இத விக்கப் போறீங்களா? வாங்கறவர் பேரச் சொல்லுங்க, நான் கொஞ்சம் தள்ளியே நிக்கறேன்.”

சிரித்தார்கள். ஆம்போர்ன் சிரிப்பு முடியும்வரை காத்திருந்தார். பிறகு தெக்லாவைப் பார்த்துச் சொன்னார்: “மூணரை வருஷமா ஆம்பளக் கூலி வாங்கியிருக்கீங்க.”

“ஆம்பள வேலை குடுத்திருக்கேன். மூணரை வருஷத்துல ஒண்ணு திரும்பி வந்துச்சா?”

“வரல. இருந்தாலும் இனிமே பொம்பளக் கூலிதான். ஒங்களுக்கு மட்டும் மாத்தினா பாலிஷ் போடறவங்க அத்தன பேரும் வந்து நிப்பாங்க.”

“சரி. இந்தத் துப்பாக்கியக் குடுங்க. புதுத் தாழ்ப்பாள் போட்டுக் கொண்டு வர்றேன். அது என் தப்பு, அதுக்குக் கூலி வேணாம்.” அதைக் கூடையில் வைத்தாள். “மத்ததெல்லாம் அரைக்கூலிக்கு என்னால ஆகாது.”

“வேற ஆள் செய்வான்.”

“செய்யட்டும்.”

கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். எவால்ட் பின்னாலேயே போனான். வாசலில் அவளுக்காகக் கதவைப் பிடித்தான், வலது கையால். கதவு தடதடவென்று ஆடியது. அவன் அதை மறைக்கவில்லை.

கோணல் பிழைத்தது. ஆம்போர்ன் நேர் என்ற வார்த்தையை அதற்குப்பின் எடுக்கவில்லை. பண்ணைக்காரருக்கு அவரே ஒரு கடிதம் எழுதி, லீவர் ஏன் வலப்பக்கம் நிற்கிறது என்று விளக்கியதாகக் கேள்வி. அதை ஆரம்பத்திலேயே எழுதியிருக்கலாம்.

தெக்லா வீட்டில் வேலை நின்றது. இந்த இடத்தில் சங்கத்தைப் புகழ எனக்கு ஆசைதான். முடியாது. அவளை உறுப்பினராகச் சேர்த்து, அவள் கூலியையும் கோரிக்கையில் சேர்க்க வேண்டும் என்று நான் பின்னறையில் எழுந்து சொன்னேன். பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். பொம்பளைக்கு முழுக்கூலி என்றால் நம் கூலி பாதியாகிவிடும் என்றான் ஒருவன். அரைக்கூலிக்கு அவளை விட்டால்தான் நம் கூலி பாதியாகும் என்று நான் கத்தினேன். வாக்கெடுத்தோம். தோற்றோம். அவள் காப்பாற்றிய ஆட்களே அவளுக்கு எதிராகக் கை தூக்கினார்கள். அதில் இரண்டு பேர் இன்னும் இருக்கிறார்கள், சந்தித்தால் வணக்கம் சொல்வதோடு சரி.

உதவியது வேறு ஒன்று. வசந்தத்தில் காட்டுச் சேவல் வேட்டை. அதற்குள் துப்பாக்கிகள் காட்டதிகாரிகள் கையில் இருக்க வேண்டும். மூன்று குழலில் இரண்டு தாழ்ப்பாளையும் ஒத்துப்போகப் பொருத்துகிற கைகள் ஊரிலேயே கொஞ்சம். தெக்லா பாதியில் விட்டுத் திருப்பிக் கொடுத்த துப்பாக்கி உடல்களை ஆம்போர்ன் யோப்பிடம் அனுப்பினார். யோப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பி அனுப்பினான். நன்றி சொல்லலாம் என்று போனேன்.

“நன்றியா? எதுக்கு?” என்றான். “நான் அந்தம்மாவுக்கு எதிராத்தான் ஓட்டுப் போட்டேன். இன்னொருத்தர் பாதி இழுத்ததுல நான் அரம் வைக்க மாட்டேன். எங்க விட்டாங்க, எங்க இழுத்தாங்கன்னு மோப்பம் பிடிச்சிட்டு உக்காரணும். நான் என்ன நாயா?”

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். இன்னொருவன் தொட்டதை எடுக்காதது எங்கள் ஊரில் பழைய வழக்கம். சங்கத் தீர்மானம் செய்யாததை ஒரு வறட்டுக் கௌரவம் செய்தது. இதை நான் என் துண்டறிக்கை எதிலும் போடவில்லை, போட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

பனி உருக ஆரம்பித்த சமயம் ஆம்போர்ன் ஹெப் வீட்டுக்கு நேரில் வந்தார். எவால்ட் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தான். எழுந்திருக்கவில்லை.

“ஒக்காருங்க,” என்றான். “காப்பி இருக்கு, வறுத்த பார்லிதான்.”

ஆம்போர்ன் உட்கார்ந்தார். “முழுக்கூலி. ஆனா பேர் ஒன் பேர்ல இருக்கட்டும், ஹெப். எங்க கணக்குப் புத்தகத்துல பொம்பளப் பேர் வந்தா எனக்குத் தலைவலி.”

எவால்ட் தெக்லாவைப் பார்த்தான்.

“யார் பேர்ல வேணா இருக்கட்டும்,” என்றாள் அவள். “கூலி என் கையில குடுக்கணும். நோட்டம் விட வீட்டுப் பக்கம் யாரும் வரக் கூடாது. அப்பறம் மண்ணெண்ணெய் ஒங்க செலவு.”

“மண்ணெண்ணெயா?”

“கெட்ட எண்ணெயால நஷ்டம் ஒங்களுக்கும்தானே.”

அவர் ஒப்புக்கொண்டார். அதற்கடுத்த வருஷம் சங்கத்தில் மறுபடி வாக்கெடுத்தோம். இந்தத் தடவை ஜெயித்தோம். தெக்லா சந்தாவை ஒழுங்காகக் கட்டினாள், கூட்டத்துக்கு வந்தாள், பேசியது ரொம்பக் குறைவு. துண்டறிக்கையைப் படித்துவிட்டு, “நீளமா இருக்கு, புரூனோ,” என்பாள். அது மட்டும்தான் அவள் விமர்சனம்.

போர் வந்தது. மூன்று குழலுக்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை, தொழிற்சாலைக்குப் போய் ராணுவத் துப்பாக்கிக்கு அரம் பிடித்தாள். அங்கே கரிவிளக்கு கிடையாது, அளவுகோல் வைத்துப் பார்த்தார்கள். போர் முடிந்த குளிர்காலத்தில் எவால்ட் காய்ச்சலில் போனான். அவள் மறுபடி ஜன்னலோர வைஸுக்குத் திரும்பி, போன வருஷம் மார்ச்சில் நெஞ்சுவலியில் இறக்கும்வரை வேலை செய்தாள். கடைசி வரை ஈ.ஹெச்., பக்கத்தில் புள்ளி. சொந்த எழுத்துக்கு அச்சு வெட்டித் தருகிறேன் என்று அச்சு வெட்டுகிறவர் சொன்னார். “இருக்கறது இன்னும் தேயலையே,” என்றாள்.

போன இலையுதிர்காலத்தில் காட்டுப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் போய், வழியில் ஒரு காட்டதிகாரி வீட்டில் மழைக்கு ஒதுங்கினேன். சுவரில் மூன்று குழல் துப்பாக்கி ஒன்று தொங்கியது. பார்க்கலாமா என்று கேட்டேன்.

“பாருங்க,” என்றார். “போருக்கு முன்னாடி வாங்குனது. வாங்கறப்ப லீவர் கோணலா இருந்துச்சு, எரிச்சலா வரும். ஆனா நான் பழகப் பழக, தானா நேரா வந்துடுச்சு. கை ராசி.”

மூடிப் பார்த்தேன். லீவர் நடுவில் வந்து நின்றது. காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டினேன், சத்தமே இல்லை. குழலைக் கழற்றித் திருப்பினேன். ஈ.ஹெச். பக்கத்தில் ஒரு புள்ளி இல்லை, இரண்டு. ஒன்று முதல் தடவை குத்தியது. இன்னொன்று, புதுத் தாழ்ப்பாள் போட்ட பிறகு குத்தியது.

“நல்ல வேலையா?” என்று கேட்டார் காட்டதிகாரி.

“ரெண்டாவது தடவ நல்ல வேலை,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. மழை விட்டிருந்தது, கிளம்பிவிட்டேன்.